வலது கதவின் மூன்றாவது கட்டம்

இன்று காலை பள்ளிக்கூடத்து ரசாயன அறையில் ஒருவன் அலமாரிக் கதவுக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தான். நான் வாசற்படியில் கால் வைப்பதற்குள் அந்த வாசனை என்னை நிறுத்திவிட்டது. சாக்குக்கட்டித் தூளில் ஆளிவிதை எண்ணெய் ஊற்றிப் பிசைந்த, கண்ணாடி பதிக்கிற மக்கு. பையன்கள் உள்ளே காத்திருந்தார்கள். நான் வராந்தாவிலேயே நின்றேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உன் நகக்கண்ணில் எப்போதும் இருந்த அந்த வாசனை மட்டும் இன்னும் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. விழுப்புரத்தில் ஒரே தெருவில் இருந்தவரைக்கும் எழுத வேண்டியிருக்கவில்லை. பிறகு, எழுதுகிற நிலையில் நீ என்னை வைக்கவில்லை. இறந்தவனுக்கு எழுதினால் நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்கிறார்கள். உன் நல்லதையும் சொல்கிறேன். அதற்காக மட்டும் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

இன்டர்மீடியட்டில் கணக்கில் தவறிவிட்டு நீ ஊர் திரும்பியபோது உன் அப்பா உன்னை ரயில்வேயில் சேர்க்கப் பார்த்தார். நீ ஜங்ஷனுக்குப் பின்னால், கூட்ஸ் ஷெட் பக்கத்தில், ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து மரக்கடை போட்டாய். நான் பி.ஏ. முடித்து எல்.டி. படித்து வாத்தியாராக வந்து சேர்ந்தேன். எனக்கு வரவேண்டிய தலைமை ஆசிரியர் பதவி கமிட்டி மெம்பரின் மருமகனுக்குப் போனது; அது வேறு கதை. சாயங்காலமானால் உன் கொட்டகைக்குத்தான் வருவேன். நீ இழைத்துக்கொண்டே பேசுவாய். நான் மரச்சுருள்களைக் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து கேட்பேன்.

கண்ணாடிக் கதவு செய்வதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. இதை நான் மனசில்லாமல்தான் சொல்கிறேன். பர்மா தேக்கில் சட்டம் அறுத்து, உள்விளிம்பில் கண்ணாடி உட்காரக் காடி எடுத்து, மூலைகளைச் சாய்வாக வெட்டி ஒன்றோடொன்று கோக்கும்போது மயிரிழை இடைவெளி தெரியாது. காடியில் மெல்லிய மக்குப் படுகை போட்டு, அதன்மேல் கண்ணாடியைக் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி கிடத்துவாய். பிறகு மேலே சன்னமான மரப்பட்டியைப் பொடி ஆணியால் அடிப்பாய். சுத்தியலின் ஓசை கண்ணாடிக்குக் கேட்கக்கூடாது என்பாய். “நாலு பக்கமும் கொஞ்சம் எடம் வுடணும்டா. இறுக்கிப் புடிச்சா, மழைக்காலத்துல மரம் ஊதும், கண்ணாடி ஒரு நாள் தானா வெடிக்கும். வூட்ல இருக்கறவங்க பயந்துக்குவாங்க.” பிறர் வீட்டில் யாரும் பயந்துவிடக் கூடாது என்பதில் அந்த நாளில் உனக்கு அவ்வளவு அக்கறை இருந்தது.

உலகச் சண்டை வந்தது. முதலில் தூரத்தில் இருந்தது. பிறகு கண்ணாடி வருவது நின்றது. பிறகு தேக்கு நின்றது. ரங்கூனில் குண்டு விழுந்த செய்தி வந்ததும் ஊரின் முகமே மாறிவிட்டது. ஜங்ஷன் விளக்குகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். மெட்ராஸிலிருந்து வந்த ஒவ்வொரு ரயிலும் மூட்டை முடிச்சுகளோடு ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. குண்டு போடுகிறவன் பட்டணத்தை விட்டுவிட்டு ஜங்ஷனைத்தான் தேடுவான் என்று பிளாட்பாரத்தில் டீ விற்கிறவன்கூடச் சொன்னான். நீ மட்டும் சிரித்தாய். மெட்ராஸ்காரர்கள் வீடு பிடித்தால் அலமாரி கேட்பார்கள், கண்ணாடி இல்லையே என்பதுதான் உன் கவலை.

உன் கவலை தீர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு மத்தியானம் வந்தேன். கொட்டகைப் பின்புறத்தில் பெரிய அண்டாவில் சோடா உப்புப் போட்ட வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் மரப்பெட்டிகள். ஸ்டேஷன் எதிரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் இறந்துபோய், அவர் வீட்டார் சாமான்களை எடுத்துப் போடும்போது நீ அவற்றை வாங்கியிருந்தாய். ஒவ்வொரு பெட்டியிலும் காகிதம் சுற்றிய கண்ணாடிகள். பிலிமுக்குப் பதிலாக அவர் படம் பிடித்த நெகடிவ் கண்ணாடிகள். நீ ஒவ்வொன்றாக எடுத்து வெந்நீரில் விட்டாய். கொஞ்ச நேரத்தில் படம், பாலாடை மாதிரி கண்ணாடியை விட்டு எழும்பியது. முகம் சுருங்கி, மடங்கி, தண்ணீரில் மிதந்தது. அண்டாவின் தண்ணீர் சாம்பல் நிறமாகியிருந்தது.

“என்னடா இது?”

“கண்ணாடி.”

“யாரு இவங்கல்லாம்?”

“இன்னி வரைக்கும் யாரோ. நாளையிலேர்ந்து கண்ணாடி.”

நான் ஒரு பெட்டியைக் கிளறினேன். கல்யாண ஜோடிகள், கான்ஸ்டபிள்கள், பள்ளிக்கூடத்து வகுப்பு. அடியில் வேறு வகை. நம் கிறிஸ்தவர்களில் ஒருவர் இறந்தால், சவப்பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பத்தாரைச் சுற்றி நிற்க வைத்து ஒரு படம், பிறகு தலைப்பக்கம் பெட்டியை உயர்த்தி இறந்தவரைத் தனியாக ஒரு படம் எடுப்பது வழக்கமாயிற்றே. ஸ்டுடியோக்காரருக்குப் பாதி வரும்படியே அதில்தான். மாதா கோவில் தெருவில் அவர் கால்படாத வீடு இல்லை. வெளிச்சம் கறுப்பாகவும் கறுப்பு வெளிச்சமாகவும் திரும்பிக் கிடந்ததால் அந்த முகங்கள் இன்னும் மோசமாக இருந்தன.

“செத்தவங்க கண்ணாடி வேணாம்டா. அதுங்கள தனியா எடுத்து வெச்சிடு.”

“ஏன்? ராவுல எழுந்து வந்து கதவைத் தொறப்பாங்களா? நீ பி.ஏ. படிச்சது எதுக்கு, வாத்தியாரே? கழுவினா எல்லாம் ஒண்ணு தான்.”

கழுவியதை ஒவ்வொன்றாகத் துடைத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாய். பிறகு கொட்டகையின் சுண்ணாம்புச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தாய். ஒரு கீறல்கூட இல்லை. சுத்தமான கண்ணாடி. அப்படித்தான் நானும் பார்த்தேன்.

அந்தக் கண்ணாடிகள் சின்னவை. முழுக் கதவுக்கு ஒன்று போதாது. ஆகவே கதவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இடையில் மெல்லிய சட்டங்கள் கொடுத்தாய். ஏனென்று கேட்டவர்களிடம் பிரெஞ்சு மாடல் என்றாய். பாண்டிச்சேரியில் துரை வீடுகளில் இப்படித்தான் என்றாய். போதாதா? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கையில் காசிருந்தவர்கள் எல்லாம் பிரெஞ்சு மாடல் கேட்டார்கள். திண்டிவனத்தில் வேர்க்கடலை வியாபாரம் பார்த்த மல்லாட்டை மண்டிக்காரர் ஒருவர் தன் வீட்டுக்கென்றே ஒரு வரிசை கதவு செய்வித்துக்கொண்டார். ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் இருந்தார். வாங்கினவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உன் கொட்டகையில் கதவுகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும்போது அவற்றுக்கு முதுகு காட்டி உட்காரவும் முடியாமல், முகம் காட்டி உட்காரவும் முடியாமல், நான் சீக்கிரமே எழுந்து போகத் தொடங்கினேன்.

அந்த வருடம், தவக்காலம் தொடங்குமுன், என் தங்கை லூர்துக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அம்மா அப்பா போனபின் அவளை வளர்த்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். நாம் பேசிக்கொண்டிருக்கும்போது காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “ரெண்டு பேரும் உலகத்தைத் திருத்தி முடிச்சாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவாளே, அவள். மாப்பிள்ளை சவரி, திண்டிவனத்துக்காரன், தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அப்பா இல்லை. அம்மாதான் எல்லாம். அண்ணன் அந்தோணி ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை. குண்டு விழுந்ததிலிருந்து அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று நானே கேட்டேன். “சின்னவன் கல்யாணம் நடக்கட்டும், நல்லது நடந்தா பெரியவனுக்கும் வழி தொறக்கும்” என்று அந்த அம்மாதான் சொன்னாள். அவள் எங்கள் வீட்டிலிருந்து பெண்ணை எதற்காக எடுத்தாள் என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சீரில் ஒரு கண்ணாடி அலமாரி கேட்டார்கள். உன்னிடம் வந்தேன். வேறு யாரிடம் போவேன்?

“லூர்துக்கா?” என்று இழைப்புளியைக் கீழே வைத்தாய். “அவளுக்கு நான் அந்தக் கண்ணாடி போடுவனா? சண்டைக்கு முன்னால வாங்கினது கொஞ்சம் மூடி வெச்சிருக்கறேன். எனக்குன்னு வெச்சிருந்தது. அதான் போடறேன். நீ ஒண்ணும் பேசாத.”

நான் நம்பினேன். அலமாரி அழகாக இருந்தது என்று சொல்வது போதாது. வண்டியில் ஏற்றி வைக்கோல் அடைத்து திண்டிவனம் அனுப்பியபோது தெருவே நின்று பார்த்தது. லூர்து அதைத் தடவிப் பார்த்து, “அண்ணே, இதுல என் மூஞ்சியே தெரியுது” என்று சிரித்தாள்.

மாமியார் அதை லூர்துவின் துணிகளுக்கு விடவில்லை. இவ்வளவு நல்ல அலமாரி கூடத்தில்தான் இருக்கவேண்டும் என்று சொல்லி, நடுத்தட்டில் மாதா சுரூபச் சிலையை வைத்தாள். சுரூபத்துக்குப் பின்னால் கருநீல வெல்வெட் துணியைத் தட்டுக்குத் தட்டு தொங்கவிட்டாள். தினமும் மாலையில் கதவைச் சாத்தி, முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, பர்மாவிலிருக்கும் மகனுக்காகச் செபமாலை சொல்வாள்.

கல்யாணம் முடிந்து சில வாரம்கூட ஆகவில்லை. செபத்தின் நடுவில் அவள் நிறுத்தினாள் என்று லூர்து பிறகு சொன்னாள். வாய் மட்டும் அசைந்ததாம். பிறகு மெழுகுவத்தியைக் கையில் எடுத்து, கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாளாம். பிறகு மண்டியிட்டிருந்தவள் அப்படியே பின்னால் சாய்ந்தாளாம்.

சவரி ஆள் அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை போனேன். பகல் வெளிச்சத்தில் ஒன்றுமில்லை. வலது கதவில் மேலிருந்து மூன்றாவது கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினான். கண்ணாடி கண்ணாடியாகத்தான் இருந்தது. பிரமை என்று நினைத்துக்கொண்டேன். பொழுது சாய்ந்ததும் அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் வந்து மெழுகுவத்தியைக் கொளுத்தி என் கையில் கொடுத்தாள்.

உனக்கு நான் இதை அன்றைக்கே சொன்னேன். மறுபடியும் சொல்கிறேன். நெற்றி முதலில் வந்தது. பிறகு மூடிய கண்கள். மூக்குத் துவாரங்களில் பஞ்சு. மார்பில் சேர்த்த கைகளுக்கு நடுவே சிலுவை. தாடை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அங்கே நீ நன்றாகக் கழுவியிருந்தாய். படுத்திருந்தவனை நீ கட்டத்தில் நிமிர்த்தி நிறுத்திவிட்டிருந்தாய். மாதாவின் தோளுக்குப் பக்கத்தில், வெல்வெட்டின் இருட்டிலிருந்து, ஒரு வாலிபன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மிச்சப் படலம் வெயிலுக்கு எதிரே கண்ணுக்குப் படாது. பின்னால் இருட்டும் முன்னால் வெளிச்சமும் இருந்தால் எழுந்து வரும். இதை நான் பிறகு ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். நீ கண்ணாடிகளை வெயிலிலும் வெள்ளைச் சுவரிலும் வைத்துத்தான் பார்த்தாய். கறுப்புத் துணியில் ஒரு தடவை வைத்துப் பார்க்க உனக்குத் தோன்றவில்லை.

“எம் புள்ள” என்றாள் அந்த அம்மா. “அந்தோணி. அவன் தான். இந்தப் பொண்ணு காலெடுத்து வெச்சதும் அவன் சாவைக் கையோட கொண்டாந்துட்டா.”

லூர்து சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இது போட்டோக் கண்ணாடி, விழுப்புரம் ஸ்டுடியோக்காரர் எடுத்த யாரோ ஒருவரின் படம், சரியாகக் கழுவாமல் போட்டிருக்கிறான் என்று நான் சொன்னேன். எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தெளிவாகச் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. பெண்ணுக்கு அண்ணன் வேறென்ன சொல்வான்?

“செஞ்ச ஆளைக் கூட்டிக்கினு வாங்க மச்சான்” என்றான் சவரி. அவன் கெட்டவன் இல்லை, முதுகெலும்பு இல்லாதவன். “அவரு வாயால சொல்லட்டும். அம்மா கேட்டுக்குவாங்க.”

அன்றைக்கே விழுப்புரம் திரும்பி உன் கொட்டகைக்கு வந்தேன். நீ மறுக்கவில்லை. “கடைசி ஒரு கட்டத்துக்குக் கண்ணாடி அறுக்கறப்போ வெடிச்சிடுச்சுடா. கைவசம் வேற இல்ல. மக்யா நாள் விடிஞ்சா வண்டி வந்து நிக்குது. ஒண்ணே ஒண்ணு தானேன்னு...” என்றாய். நான் உன்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். திண்டிவனம் வந்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போ. நீ வருகிறேன் என்றாய். வந்தாய். அந்தக் கூடத்தில் நுழையும்வரை உன் மனதில் வேறொன்றும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

உள்ளே மண்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் அந்த அம்மாவின் கூடப்பிறந்த தம்பி என்பது உனக்குத் தெரியாது. வழியில் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. உன் கால் படியிலேயே நின்றுவிட்டது.

அந்த அம்மா எழுந்து வந்தாள். “ஏம்பா, நீ தானே செஞ்சது? எம் புள்ள மூஞ்சி இதுல எப்படி வந்துச்சு? சொல்லுப்பா. இந்த வாத்தியாரு என்னென்னமோ சொல்றாரு. செத்தவங்க படத்தைக் கழுவிட்டு மாட்டினியாமே?”

மண்டிக்காரர் தொண்டையைக் கனைத்தார். “நல்லா யோசிச்சி சொல்லு. எங்க வூட்ல ஒரு வரிசையே உன் கதவு தான் நிக்குது. கொழந்தை குட்டிங்க படுக்கற ரூம்பு.”

நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லூர்து சமையலறை வாசலில் வந்து நின்று உன்னைப் பார்த்தாள். சிறுவயதிலிருந்து உன்னையும் அண்ணன் என்று கூப்பிட்டவள்.

“புதுக் கண்ணாடிங்கம்மா” என்றாய். “மெட்ராஸ்ல வாங்கினது. பெட்டி பிரிக்காம வந்த சரக்கு.”

“பொய் சொல்றான்” என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

நீ என் பக்கம் திரும்பவில்லை. மண்டிக்காரரைப் பார்த்துத்தான் சொன்னாய்: “தங்கச்சி மேல உசுருங்க இவனுக்கு. அதான் என்னமோ சொல்றான். மனசுல வெச்சிக்காதீங்க.”

புதுக் கண்ணாடி என்றான பிறகு, அதில் வந்த முகத்துக்கு வேறென்ன காரணம் மிச்சம்? அந்த அம்மா அழவில்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். சாவு விழுந்த வீட்டில் போடுகிற மாதிரி. அவளுக்கு உறுதி கிடைத்துவிட்டது. நீ கொடுத்தாய். அதற்குள் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது; யாரும் மெழுகுவத்தி ஏற்றாமலே அந்தக் கட்டத்தில் நெற்றி மட்டும் லேசாகத் தெரியத் தொடங்கியது. நீயும் பார்த்தாய். பார்த்துவிட்டு செருப்பைத் தேடினாய்.

திரும்பும் ரயிலில் என் எதிரிலேயே உட்கார்ந்து வந்தாய். விக்கிரவாண்டி தாண்டியது. பிறகு, “அந்த ஆளு முன்னால எப்படிடா சொல்றது? எத்தினி வூட்ல நிக்குது தெரியுமா? ஒவ்வொருத்தனும் ராவுல மெழுகுவத்தியைத் தூக்கிக்கினு தேடுவான். கடையைக் கொளுத்திடுவானுங்க. கொஞ்ச நாள் போவட்டும். நானே போய் சத்தம் போடாம அந்தக் கண்ணாடியை மாத்திடறேன்” என்றாய். அதற்குப் பிறகு நீ சாகிறவரைக்கும் உன்னோடு நான் பேசவில்லை.

நீ சொன்னபடி போனாயாம். அந்த அம்மா கதவைத் தொடவிடவில்லை. “எம் புள்ளையோட மூஞ்சி. அவனுக்குக் கல்லறை கூட இல்ல. இதையும் எடுத்துக்கினு போறியா?” என்றாளாம். அவள் அந்தக் கட்டத்துக்குப் பூ வைக்கத் தொடங்கியிருந்தாள். லூர்துவின் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன். பெண்பிள்ளைகள் பிரமை, செபம் செய்யச் சொல் என்றார். செபத்தில்தானே இது வந்தது என்று கேட்டேன். அவருக்கு என்மேல் கோபம் வந்தது. மழைக்காலத்துக்கு முன் சவரி லூர்துவை ஒரு தகரப் பெட்டியோடு விழுப்புரம் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டான். “கொஞ்ச நாளைக்குத் தான் மச்சான்” என்றான். வீட்டுக்கு வரவில்லை. அடுத்த ரயிலில் ஏறிவிட்டான்.

அவள் வந்த பிறகு ஒரு நாள் அந்தோணி திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கினான். காடு மலை வழியாக நடந்தே வந்தவன். எலும்பும் தோலுமாக, தலை மொட்டையாக, ஆனால் உயிரோடு. செய்தி கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். லூர்து தகரப் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தாள். இன்று வருவான், நாளை வருவான் என்று சவரிக்காக வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. நானே போனேன். மகனுக்குக் கேப்பைக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

“இவன் இங்க குந்திக்கினு இருக்கறான். அப்போ அங்க நிக்கறவன் யாரு? எவன் பொணத்தைக் கொண்டாந்து எங்க வூட்ல வெச்சா உன் தங்கச்சி?”

மகன் இறந்ததாக நம்பியபோது அவளுக்கு லூர்து மேல் இருந்தது கோபம். மகன் திரும்பிய பிறகு அது பயமாகிவிட்டது. கோபமாக இருந்தால் ஆறியிருக்கும். நம் மார்க்கத்தில் கட்டின கட்டை அவிழ்க்க வழியில்லை. லூர்து மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போனாள். ஏழெட்டு வருடம் அப்படியே போயிற்று. அந்த வருடங்களில் நீ எப்படி இருந்தாய் என்று எனக்குத் தெரியும். சண்டை முடிந்து கண்ணாடி வரத் தொடங்கியதும் நீ வீடு வீடாகப் போய், பழைய கட்டங்களைக் கழற்றிப் புதுக் கண்ணாடி போட்டாயாம். கூலி வாங்கவில்லையாம். கேட்டவர்களிடம் மக்கு காய்ந்துபோயிருக்கும் என்று சொன்னாயாம். தெருவில் உன்னைத் தங்கமான மனுஷன் என்றார்கள். மண்டிக்காரர் வீட்டுக் கதவுகளையும் மாற்றினாய். அப்போதும் அவரிடம் நீ உண்மையைச் சொல்லவில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய் என்று வந்து சொன்னார்கள். லூர்து போகவேண்டும் என்றாள். அவள் போனதால் நானும் போனேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் சவரி நின்றுகொண்டிருந்தான். அவன் அம்மா அதற்கு முந்தின வருடமே போய்விட்டிருந்தாள். தலை நரைத்திருந்தான்.

“மச்சான், அன்னிக்கு நீங்க சொன்னது தான் நெசமா?”

“அன்னிக்கே சொன்னேனே.”

“அவரு இல்லன்னாரே.”

“இப்ப போய்க் கேளு” என்றேன்.

அவன் தலைகுனிந்தான். லூர்து எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள். அவள் என்ன கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். ஏன் வரவில்லை என்று கேட்பாள், காறித் துப்புவாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன்.

“அந்தக் கட்டம் இன்னும் அங்கியே தான் இருக்குதா?” என்று கேட்டாள்.

“இருக்குது. தொட பயமா இருக்குது.”

“எடுத்துடாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்.”

அந்த வாரமே சவரியோடு போய்விட்டாள். இப்போது திண்டிவனத்தில்தான் இருக்கிறாள். பிள்ளை இல்லை. அதற்கான வயது என் வீட்டில், தையல் ஊசியோடு கழிந்துவிட்டது. அந்தக் கட்டத்தை மாற்றலாம் என்று அந்தோணி சொன்னபோது அவள் விடவில்லை. “யாரோ ஒரு பையன். அவனைப் பெட்டியோட வித்துட்டாங்க, கழுவப் பாத்தாங்க, அடுத்தவங்க புள்ளன்னு சொல்லி அழுதாங்க. அவனுக்குன்னு ஒருத்தர் அழ வேணாமா?” என்றாள்.

கல்லறைத் திருநாள் மாலையில் நான் அங்கே போகிறேன். அவள் கூப்பிடுவதால் போகிறேன். அலமாரிக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, இறந்தவர்களின் பெயர்களை அவள் ஒவ்வொன்றாகச் சொல்வாள். ஒவ்வொரு பெயருக்கும் மற்றவர்கள் சேர்ந்து, அந்த ஆத்துமாவுக்கு இளைப்பாறுதல் கேட்கும் ஒரு வரியைச் சொல்ல வேண்டும். அப்பா, அம்மா. பிறகு தன்னைத் துரத்திய மாமியாரின் பெயரையும் குரல் மாறாமல் சொல்வாள். பிறகு, கண்ணாடியில் இருக்கறவர் என்பாள். கடைசியாக உன் பெயர்.

முதல் வருடம் உன் பெயருக்கு நான் வாய் திறக்காததை யாரும் கவனிக்கவில்லை. போன வருடம் அவள் கவனித்தாள். சவரியும் அந்தோணியும் சொல்லி முடித்தார்கள். அவள் அடுத்த செபத்துக்குப் போகவில்லை. காத்திருந்தாள். மெழுகு உருகி வழிந்தது. கதவில் அந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அவள் உன் பெயரை மறுபடி ஒரு தடவை சொன்னாள், மெதுவாக, வகுப்பில் மந்தமான பிள்ளைக்கு எடுத்துக்கொடுக்கிற மாதிரி. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தோணி முழங்கால் வலி தாங்காமல் எழுந்ததும்தான் செபம் கலைந்தது.

இந்த வருடமும் போவேன். அவள் இந்த வருடமும் காத்திருப்பாள். அந்த வரி என்னிடமே இருக்கிறது. நீ எங்கே இருந்தாலும் உனக்கு அது வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தக் கூடத்தில் எங்களுக்கும் ஒரே ஒரு வரிதான் வேண்டியிருந்தது.